கடவாயில் ஒரு வெல்லக்கட்டி

அத்தியாயம் ஏழு

"வயித்துல கஷாயம், வாயில வெல்லம். இந்த மனுசன் மயங்கி விழுந்தாரா, விருந்து சாப்புட்டுத் தூங்குனாராக்கா?"

ஹாமித் இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஐசியூ வாசல் அப்படிப் பேசுகிற இடமில்லை. ஆனால் பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நகம் கடிக்கத் தோன்றும், ஹாமித்துக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். கட்டுமாவடிக்காரன். வளைகுடாவில் சில வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து, இப்போது புவனேஸ்வரியின் துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், உதவியாளர், டீ வாங்குகிறவர் என்று மூன்று வேலை பார்க்கிறான். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான்.

புவனேஸ்வரி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் தோண்டிப் பிடித்துப் பழகியவள், சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டு நடக்கிறவள். நர்ஸ் அருணா நீட்டிய எவர்சில்வர் கிண்ணத்துக்குள் குனிந்திருந்தாள். உள்ளே கோலிக்குண்டு அளவில் ஒரு வெல்லக்கட்டி. மேல்புறம் லேசாக மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். நடுவில் இரண்டு மிளகு பதிந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் டியூப் போடுறப்ப வலது கடவாயில இருந்து எடுத்தேன்," என்றாள் அருணா. "இது தொண்டைக்குள்ள போயிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும். இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுனேன். கசப்பு குடிச்சவங்க இனிப்பு தின்னத்தானம்மா செய்வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அய்யப்பன் படுத்திருந்தார். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிரஷர் ஒன்றில் பல வருஷமாகக் கல்லோடு மல்லுக்கட்டியவர். நேற்றுச் சாயங்காலம் மெயின் ரோட்டு நிழற்குடையில் நினைவில்லாமல் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தார். குளித்த உடம்பு, துவைத்த சட்டை, பக்கத்தில் பாதி குடித்த கஷாய பாட்டில். பஸ்ஸுக்கு வந்த யாரோ 108க்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கஷாயம் காய்ச்சிக் கொடுத்தது அவர் மனைவி செவந்தி. ஆடாதோடை இலையும் தூதுவளையும் போட்டது, கிரஷர் தூசிக்கு நல்லது என்று தினமும் கொடுத்தனுப்புவது. முந்தின நாள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தெருவே கேட்கும்படி சண்டை நடந்திருந்தது. போலீசுக்கு இது போதாதா? கஷாயத்தில் விஷம் என்று முடிவு கட்டி செவந்தியை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். தூங்காத முகம்.

"விஷம்னு வெச்சுத்தான் வைத்தியம் பார்க்கிறோம். ஆனா எனக்கே திருப்தி இல்ல. எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரலும் வெள்ளையா இருக்கு. கிரஷர்ல இருக்கிறவங்க பல பேருக்கு அப்படித்தான் இருக்கும். அது வருஷக்கணக்கா சேர்ந்த தூசியா, நேத்து மொத்தமா உள்ள போனதான்னு படம் சொல்லாது. நேத்து போனதுன்னா குழாய் விட்டுக் கழுவிப் பார்க்கலாம். விஷமா இருந்து நான் கழுவப் போனா, அந்தச் சிரமத்தையே இவர் தாங்க மாட்டார்."

"வேலைக்குப் போனாரான்னு தெரிஞ்சா போதுமா?" என்றாள் புவனேஸ்வரி.

"போதும். முதலாளி நேத்து வரவே இல்லைங்கிறார். மத்தியானத்துக்குள்ள எனக்குச் சரியாத் தெரியணும்மா. அதுக்கு மேல எதைச் செஞ்சும் பிரயோஜனமில்ல."

டாக்டர் போனதும் புவனேஸ்வரி கேட்டாள். "ஹாமித், வெல்லத்த வாயில போட்டா நீ என்ன பண்ணுவ?"

"கடிப்பேன்."

"கடிக்கக் கூடாதுன்னு சொன்னா?"

"சொன்னவங்க அங்கிட்டுத் திரும்புனதும் கடிப்பேன்."

"மத்தவங்க சப்புவாங்க. கொஞ்ச நேரத்துல கரைஞ்சிரும். இது கரையவே இல்ல. சப்பத் தெம்பில்லாத வாயில வெச்ச வெல்லம் இது. அவர் மயங்கினதுக்கு அப்புறம் வேற யாரோ வெச்சிருக்காங்க."

ஹாமித் கிண்ணத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். "கொல்ல வந்தவன் வெல்லம் ஊட்டிட்டா போவான்?"

"போக மாட்டான். அதான் எனக்கு இருப்புக் கொள்ளல. வண்டிய எடு."

கீழே டீக்கடை ஓரத்தில் மூக்கன் நின்றுகொண்டிருந்தார். டீயைக் கையில் வாங்கி வைத்துக் குடிக்காமல் ஆறவிட்டிருந்தார். செவந்தியின் அண்ணன். அதே கிரஷரில் கல்தூளைக் கொண்டுபோய்க் கொட்டும் பெல்ட்டுக்கு சுவிட்ச் போடுகிற வேலை. இன்று காலை அலுவலகம் திறக்கும் முன்பே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். 'எந்தங்கச்சி பண்ணலைங்க. அத மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க' என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹாமித்தின் பழைய மாருதி கிளம்பியது. பின் சீட்டில் மூக்கன் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்துகொண்டே வந்தார்.

"நேத்து உங்க மாப்ள வேலைக்கு வந்தாராண்ணே?" என்றாள் புவனேஸ்வரி.

"மொதலாளி வரலைன்னுதானங்க சொல்றாரு."

வழியில் ஸ்டேஷன். மூக்கன் வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். "எனக்கு அவ மொகத்தப் பாக்கத் தெம்பு இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க." ஹாமித் அவரை வற்புறுத்தவில்லை. அவனுக்கும் ஒரு தங்கை உண்டு, ஆஃபியா.

செவந்தி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்கள்.

"கஷாயத்துல புதுசா எதுவும் போட்டியாம்மா?"

"தெனம் போடுறதுதாங்க. அதே சட்டியில நானுந்தான் குடிச்சேன். நான் நல்லாத்தான இருக்கேன்? சொன்னா யாரு கேக்குறா?"

"கூட வெல்லம் குடுத்துவிடுவியா?"

"ஐயையோ, அவருக்குச் சக்கரைங்க. கிரஷர்ல வேலை விட்டதும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் குடுப்பாக, தூசிய எறக்கிரும்னு. இவரு அதத் தொடவே மாட்டாரு."

"சண்டை எதுக்கு?"

"கிரஷர விட்டுருன்னேன். கஷாயம் தூசிய எடுத்துரும்னா, அப்புறம் எதுக்கு ராத்திரி பூரா இருமுறீகன்னு கேட்டேன். கோவம் வந்துருச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணே என்ன பண்ணுறாரு? சாப்புட்டாரா? தனியா அலைஞ்சுக்கிட்டிருப்பாரு, பாவம்."

ஹாமித் வெளியே வந்து வண்டியின் கதவைத் தேவைக்கு மேல் பலமாகச் சாத்தினான்.

கிரஷரை வழி கேட்டுப் போக வேண்டியதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் சாலையோர முந்திரி மரங்களெல்லாம் நரைத்திருந்தன. மூக்கன் கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிக்கொண்டார். உள்ளே இயந்திரம் பாறையை மென்று துப்பிக்கொண்டிருந்தது. மூக்கில் துண்டைச் சுற்றியபடி ஆட்கள் நடமாடினார்கள். யார் ஆண், யார் பெண் என்பதே கிட்டப்போனால்தான் தெரிந்தது.

முதலாளி சந்தோஷ்குமார் ஏசி போட்ட கண்ணாடி அறையில் இருந்தார். ஆணியில் இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ஒரு கனமான மாஸ்க் தொங்கியது. புத்தம் புதுசு.

"இது ஒண்ணுதான் இருக்கா சார்? மத்தவங்க மூக்கெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் ஹாமித்.

சந்தோஷ்குமார் சிரித்தார். "ஆபீசர்ங்க வந்தா குடுக்கிறது தம்பி. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் மாட்டுனா மூச்சு முட்டுதும்பாங்க. அந்தக் காலத்துல இருந்து வெல்லந்தான். வேலை விட்டதும் கடவாயில ஒதுக்கிக்கிட்டா, தூசியச் சுருட்டிக் கீழ கொண்டு போயிரும். மூட்டை மூட்டையா வாங்கிப் போட்டிருக்கேன். இந்த வட்டாரத்துல எவன் செய்வான் இப்படி?"

"நாங்க பார்க்கலாமா?"

மூட்டையைத் தாராளமாகப் பிரித்துக் காட்டினார். புவனேஸ்வரி ஒவ்வொரு கட்டியாக எடுத்து உடைத்துப் பார்த்தாள். எல்லாமே வெறும் வெல்லம்.

"இதுல மிளகு வெச்சுக் குடுப்பீங்களா?"

"மிளகு விக்கிற விலைக்கா?" அவர் மறுபடி சிரித்தார். "அய்யப்பன் கதை கேக்க வந்தீங்கன்னு தெரியும் மேடம். நல்ல ஆளு. நேத்து இங்கிட்டே வரல. பொண்டாட்டி கை மருந்துல போயிட்டிருக்கான், என்ன பண்றது?"

வெளியே வந்தபோது மேலே ஓடிய குழாய்களிலிருந்து தண்ணீர் தூறலாகத் தெளித்துக்கொண்டிருந்தது. கூடை சுமந்து வந்த ஒரு பெண் சேற்றில் வழுக்கி, சமாளித்து, அந்தக் குழாயை அதிசயமாக அண்ணாந்து பார்த்தாள்.

"தினமும் தெளிப்பீங்களா சார்?"

"தினமும் மேடம். தூசி பறக்க விடுவோமா?"

கேட்டுக்குப் போகும் வழியில் புவனேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "குழாய்க்குக் கீழ இருக்கிற செவத்தப் பாத்தியா? விரல் கனத்துக்குத் தூசி, அதுல இன்னைக்கு வழிஞ்ச தண்ணிக் கோடு. தினமும் தெளிச்சா அந்தத் தூசி எப்படி ஒட்டி நிக்கும்? இந்த ஆள் நேத்து நடந்த எதுக்கோ பயந்து இன்னைக்குத் தண்ணியத் திறந்து விட்டிருக்கார்."

"அப்ப புடிச்சிரலாம்!"

"எதை வெச்சு? செவத்தையா கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போவ? டாக்டரம்மாவுக்கு வேண்டியது ஒரு ஆள். 'நான் பார்த்தேன்'னு சொல்ற ஒரு ஆள்."

ஹாமித் பதிலாக இரும ஆரம்பித்தான். மூக்கனை ஏற்றிக்கொண்டு வண்டி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ அரத்தை வைத்து ராவுவது போலிருந்தது. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி, "கொஞ்ச நேரம் நின்னதுக்கே இந்தக் கதி... இவங்கல்லாம் எப்படிக்கா..." என்று முடிக்க முடியாமல் கண்ணில் நீர் வழிய இருமினான். உச்சி வெயில் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு சாட்சியும் இல்லை. 'அப்புறம் எதுக்கு இருமுறீக' என்று செவந்தி கேட்ட கேள்வி வேறு காதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

"இருங்க தம்பி, இருங்க." பின் சீட்டிலிருந்து மூக்கன் எக்கினார். மடியிலிருந்த ஒரு துணிப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஹாமித் வேண்டாம் என்பதற்குள் அவன் தாடையைப் பிடித்து, எதையோ வலது கன்னத்துக்குள் அமுக்கிவிட்டார். "கடவாயிலயே ஒதுக்கிக்கங்க. கடிச்சுப்புடாதீங்க. பைய எறங்கும், தூசியையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

வெல்லம். ஹாமித்துக்கு அந்த இனிப்பு நிஜமாகவே இதமாக இருந்தது. மூக்கன் சீட்டில் சாய்ந்ததும் வழக்கம்போல நறுக்கென்று கடித்தான்.

பல்லுக்கடியில் ஏதோ உடைந்தது. காரம் நாக்கிலிருந்து மூக்குக்கு ஏறியது. அடுத்த கணம் ஹாமித் பிரேக்கை மிதித்தான். வண்டி குலுங்கி, ஓரத்துப் புழுதியில் இறங்கி நின்றது.

அவன் வாயைத் திறந்து புவனேஸ்வரியிடம் காட்டினான். பேசவே தேவையிருக்கவில்லை. அவள் ஏற்கனவே பின்பக்கம் திரும்பியிருந்தாள்.

"மூக்கண்ணே, வெல்லத்துல மிளகு வெச்சது யாரு?"

"நாந்தேன். வெறும் வெல்லம் சளியக் கட்டும்னு ரெண்டு மொளகு அமுக்கி வெச்சுக்குவேன். கிரஷர்ல நான் ஒருத்தந்தேன் இப்புடி..."

"நேத்து உங்க மாப்ள கடவாயில இருந்து எடுத்த வெல்லத்துலயும் ரெண்டு மிளகு இருந்துச்சு."

மூக்கனின் கை பொட்டலத்தின் மேல் அப்படியே நின்றது. ஒரு தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.  மூக்கன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பெல்ட்டப் போடுன்னாரு மொதலாளி. தண்ணி மோட்டாரு ரிப்பேராகிக் கெடந்துச்சுங்க, சரி பண்ணவே இல்ல. எதுக்க நிக்கிற ஆளு தெரியாது, அம்புட்டுத் தூசி. மாப்ள கீழ நின்னு தூளச் சொரண்டிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியலைங்க. சுவிட்சப் போட்டுட்டேன். மேல இருந்து கொட்டி, குவியலே அப்புடியே சரிஞ்சிருச்சு. தோண்டி எடுக்குறப்ப மூச்ச மட்டும் இழுத்துக்கிட்டுக் கெடந்தாப்ல."

"அப்ப வெச்சீங்களா வெல்லத்த?"

"எங்க கையில வேற என்னங்க இருக்கு? வாயத் தொறந்து வெச்சேன். சக்கரைக்காரருன்னு தெரியும். உசுரு போறப்ப அதப் பாப்பாகளா?" மூக்கனுக்கு மூச்சு வாங்கியது. "மொதலாளிதான், குளிப்பாட்டி சட்டையை மாத்தி பஸ் ஸ்டாப்புல கெடத்துங்கன்னாரு. சுவிட்சப் போட்டது நீ, நீதான் உள்ள போவ, கிரஷருக்குச் சீல் வெச்சா அத்தனை பேரு பொழப்பும் போயிரும்னாரு. கஷாய பாட்டிலு மாப்ள பைக்குள்ளதான் இருந்துச்சு. அத எடுத்து வெளிய வெச்சது அவரு. எதுக்குன்னு அப்ப எனக்கு வெளங்கல. 108 வர்ற வரைக்கும் நான் அங்கனயே புளியமரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேங்க."

ஹாமித்துக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்புறம் எதுக்குண்ணே எங்ககிட்ட வந்தீங்க? நேத்தே ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எம் வாயால சொல்லத் துணிச்சல் வரல தம்பி. நீங்களாக் கண்டுபுடிச்சிரணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். தங்கச்சியும் வெளிய வந்துரும், நான் சொன்னதாவும் ஆகாதுன்னு... மாப்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதேன் நெனச்சேன். வெல்லந்தேன் வெச்சாச்சே, பாதித் தூசி எறங்கியிருக்கும்னு..."

"ஒரு துளிகூட எறங்கல," என்றாள் புவனேஸ்வரி. அவள் குரல் நடுங்கி ஹாமித் கேட்டதே இல்லை, இப்போது கேட்டான். "வெல்லம் போற வழி வயித்துக்குண்ணே. தூசி போனது நெஞ்சுக்கு. ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. அந்தத் தூசி இப்பவும் அவர் நெஞ்சுக்குள்ள அப்படியே இருக்கு. டாக்டருக்கு அது தெரியாம விஷத்துக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்காங்க. மத்தியானத்துக்கு மேல எதுவும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

மூக்கன் நிமிர்ந்தார். அந்த முகத்தை ஹாமித்தால் பார்க்க முடியவில்லை.

புவனேஸ்வரி போனில் டாக்டரைப் பிடித்து, நீட்டினாள். "நான் சொன்னா அது ஊகம். நீங்க சொன்னாத்தான் அவங்க கழுவுவாங்க. பேசுங்க."

அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். 'ஹலோ, ஹலோ' என்று டாக்டரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூக்கன் உதட்டைத் திறந்தார், மூடினார். ஹாமித் வாய்க்குள் மிச்சமிருந்த காரத்தோடு, மனசுக்குள் 'சொல்லுங்கண்ணே, சொல்லிருங்கண்ணே' என்று கெஞ்சினான்.

"அம்மா... நான் அய்யப்பனுக்கு மச்சினன் பேசுறேன். வெசமெல்லாம் இல்லம்மா. நேத்து வேலைக்கு வந்தாப்ல. தூளுக்குள்ள தலை முங்கக் கெடந்தாப்ல. நாந்தேம்மா சுவிட்சப் போட்டேன்."

"கழுவறேன்," என்றது போன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

ஹாமித் அந்த மாருதியை அதன் ஆயுளில் ஓடாத வேகத்தில் ஓட்டினான். ஊர் எல்லை வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. "அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. மாப்ள வேலைக்கு வந்தாரான்னு கேட்டா, முதலாளி வரலைன்னு சொல்றாருன்னார். அவர் வாயால 'வரல'ன்னு சொல்லல. பொய் சொல்லப் பழகாத ஆளு. ஆனா சாட்சி இல்லாம இருந்துச்சு. ஒன் பல்லு குடுத்திருச்சு."

இன்னொரு நாளாக இருந்தால் அதற்கு ஹாமித் சம்பள உயர்வு கேட்டிருப்பான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூக்கன் சொன்னதைப் போலீஸ் எழுதி வாங்கியாகிவிட்டது. சந்தோஷ்குமாரை அழைத்துவர ஒரு ஜீப் போயிருந்தது. மூக்கனுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நின்றார். டாக்டரம்மா மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"கழுவின தண்ணி சாந்து மாதிரி வந்தது. இப்ப மூச்சு கொஞ்சம் சீராயிருக்கு. பொழைச்சுக்குவார்னுதான் நம்பறேன். ஆனா வருஷக்கணக்கா படிஞ்சிருக்கே பழைய தூசி, அதை நான் எதைக் கொண்டும் எடுக்க முடியாது. இனிமே அந்த வேலை வேண்டாம். அங்க இருக்கிறவங்களுக்கும் சொல்லுங்க, தண்ணி தெளிக்கச் சொல்லிக் கேளுங்க, நல்ல மாஸ்க் கேளுங்க. வெல்லம் தின்னா நாக்கு இனிக்கும், அவ்வளவுதான்."

அப்போது படியேறி வந்தாள் செவந்தி. ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் வழியிலேயே சொல்லியிருப்பார்கள் போல, அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகப் புருஷனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். மூக்கன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹாமித்துக்கு ஏதாவது சொல்லி இந்த இடத்தை லேசாக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றுமே வரவில்லை.

செவந்தி கத்தவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"அவரு வாயத் தொறந்து வெல்லத்த வெச்சியேண்ணே. ஒன் வாயத் தொறக்க இம்புட்டு நேரமா?"